கேளுங்க சொல்றேன்: சர்வர் இல்லைன்னா பிரைவசி வந்துடுமா?

போன இதழ்ல ஒரு வாசகர் கேட்டதுக்கு, நடுவுல எந்த கம்பெனி சர்வரும் இல்லாம ரெண்டு கம்ப்யூட்டர் நேரா பேசிக்கற சாஃப்ட்வேர் பத்தி, அதாவது பியர் டு பியர், சுருக்கமா பி2பி, நாலு வரி எழுதியிருந்தேன். அதுக்கப்புறம் வந்த மெயில்ல பாதிக்கு மேல இதைப் பத்தி தான். அதுவும் நம்ம சென்னைப் பசங்க நெறைய பேர் சொந்தமாவே எழுத ஆரம்பிச்சிருக்கீங்கன்னு படிக்கும்போது அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு, அதனால இந்த தடவை முழுக்க இது மட்டும் தான். பேர் போட வேணாம்னு சில பேர் கேட்டிருந்தீங்க, எல்லாருக்குமே ஏரியா மட்டும் போட்டிருக்கேன்.

வேளச்சேரி, இன்ஜினியரிங் கடைசி வருஷ மாணவர்: ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு நாங்க மூணு பேர் சேர்ந்து ஒரு சாட் ஆப் பண்றோம் அண்ணா. சர்வரே கிடையாது, மெசேஜ் எல்லாம் என்கிரிப்ட் ஆகி தான் போகும். அப்போ 100 சதவீதம் பிரைவசின்னு ரிப்போர்ட்ல எழுதலாமா?

எழுதாதீங்க தம்பி. நீங்க பண்றது நல்ல வேலை, அதுல சந்தேகமே இல்ல, ஆனா அந்த ஒரு வரி மட்டும் தப்பு.

இன்லேண்ட் லெட்டர் ஞாபகம் இருக்கா, இல்லைன்னா வீட்ல தாத்தாகிட்ட கேளுங்க. மடிச்சு ஒட்டிட்டா உள்ள எழுதினதை போஸ்ட்மேன் படிக்க முடியாது, ஆனா வெளிய அனுப்புனர், பெறுநர் ரெண்டும் இருக்கும், எந்த ஊர்ல எந்த தேதில போட்டதுன்னு முத்திரையும் இருக்கும். உங்க என்கிரிப்ஷன் அந்த ஒட்டற வேலையைத் தான் பண்ணுது. யார் யாருக்கு, எப்போ, எவ்ளோ பெரிய மெசேஜ் அனுப்பினாங்கங்கறது அப்படியே வெளிய தெரியுது. ஒரு பொண்ணு ராத்திரி 2 மணிக்கு ஒரு டாக்டர் நம்பருக்கு அஞ்சு தடவை மெசேஜ் பண்ணா, உள்ள என்ன எழுதியிருக்குன்னு படிக்கணுமா என்ன, வெளிய தெரியறதே போதும்ல.

இதுல பி2பி ஒரு படி மோசம்னு கூட சொல்லலாம். சர்வர் வெச்ச ஆப்ல உங்க ஐபி அட்ரஸ், அதாவது நெட்ல உங்களோட விலாச நம்பர், அந்த கம்பெனிக்கு மட்டும் தான் தெரியும், நேரா கனெக்ட் ஆகற ஆப்ல எதிர்ல இருக்கற ஒவ்வொருத்தருக்கும் தெரியும். டோரன்ட்னு பி2பில ஃபைல் பங்கு போட்டுக்கற முறை இருக்குல்ல, அதுல ஒரு ஃபைலை யாரெல்லாம் இறக்கறாங்கன்னு பாக்க ஹேக்கிங் எதுவும் வேணாம், அதே ஃபைலுக்கு நீங்களும் போய் நின்னா லிஸ்ட் தன்னால வரும், அதோட டிசைனே அப்படி. 2001ல ப்ராம் கோஹன் பிட்டோரன்ட் எழுதினது பெரிய ஃபைலை வேகமா பங்கு போட்டுக்கறதுக்கு, ஆளை மறைக்கறதுக்கு இல்ல, அதனால அதைக் குத்தம் சொல்லவும் முடியாது.

அப்போ ஆளையும் மறைக்கணும்னா என்ன வழின்னு கேட்டா, மெசேஜை நேரா அனுப்பாம நாலு பேர் கை மாத்தி அனுப்பணும். டோர்ங்கற சாஃப்ட்வேர்ல மெசேஜ் 3 ரிலே, அதாவது நடுவுல கை மாத்தி விடற கம்ப்யூட்டர், வழியா போகும், முதல் ரிலேக்கு உங்களைத் தெரியும் ஆனா எங்க போகுதுன்னு தெரியாது, கடைசி ரிலேக்கு எங்க போகுதுன்னு தெரியும் ஆனா நீங்க யார்னு தெரியாது, ஒவ்வொருத்தரும் வெங்காயத் தோல் மாதிரி ஒரு அடுக்கை மட்டும் உரிச்சு அடுத்தவங்ககிட்ட குடுப்பாங்க. 2003ல ஆரம்பிச்ச ஐ2பின்னு இதே மாதிரி ஒரு நெட்வொர்க் இன்னும் பி2பி பக்கம் நெருக்கமானது, அதுல சாதாரணமா சேர்ற ஒவ்வொருத்தரும் மத்தவங்க டிராஃபிக்கையும் சுமப்பாங்க, போற பாதை வேற வர்ற பாதை வேற, அந்தப் பாதையும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மாறும். இதுக்கெல்லாம் விலை நேரம் தான். வேளச்சேரில இருந்து தரமணிக்குப் போற ஒரு ஹாய், ஜெர்மனி கனடான்னு சுத்திட்டு தான் வரும். டெக்ஸ்ட் மெசேஜுக்கு அது பரவால்ல, வீடியோ காலுக்கு கஷ்டம்.

அதனால கோடு எழுதறதுக்கு முன்னாடி மூணு பேரும் ஒரு டீக்கடைல உக்காந்து ஒரே ஒரு கேள்விக்கு பதில் எழுதுங்க, யார்கிட்ட இருந்து மறைக்கறோம்? ஹாஸ்டல் வைஃபை அட்மின்கிட்ட இருந்தா, நெட் கம்பெனிகிட்ட இருந்தா, குரூப்லயே இருக்கற முன்ன பின்ன தெரியாத ஆள்கிட்ட இருந்தா, ரெண்டு பக்கமும் டிராஃபிக்கை ஒரே நேரத்துல பாக்கற அளவுக்கு வசதி இருக்கறவங்ககிட்ட இருந்தா? கடைசில சொன்ன ஆள்கிட்ட டோரே நிக்காது, அதை அவங்க டிசைன் பேப்பர்லயே 2004ல வெளிப்படையா எழுதி வெச்சிருக்காங்க. நீங்களும் அப்படியே எழுதுங்க: மெசேஜை பெறுபவர் மட்டும் தான் படிக்க முடியும், ஆனா பேசறவங்களுக்குள்ள ஐபி அட்ரஸ் தெரியும், ஆப் யூஸ் பண்றது நெட் கம்பெனிக்கு தெரியும். வைவால இந்த மூணு வரியை தைரியமா சொல்ற பையனை எந்த எக்ஸாமினரும் மட்டமா நினைக்க மாட்டாங்க.

இன்னொன்னு, என்கிரிப்ஷனை மட்டும் சொந்தமா எழுதிடாதீங்க. லிப்சோடியம் மாதிரி லைப்ரரி, நாய்ஸ் மாதிரி ஹேண்ட்ஷேக் முறை, அதாவது பேச ஆரம்பிக்கும்போது ரெண்டு பக்கமும் சாவி ஒத்துக்கற முறை, எல்லாம் ரெடியா இருக்கு, வயர்கார்ட்ங்கற விபிஎன் சாஃப்ட்வேர் நிக்கறதே நாய்ஸ் மேல தான். ரெண்டு ஃபிரெண்ட்ஸ் முதல் தடவை சேரும்போது நேர்ல ஒருத்தர் ஃபோனை ஒருத்தர் க்யூஆர் ஸ்கேன் பண்ணி என்கிரிப்ஷன் சாவியை சரி பாத்துக்கற வசதியும் வைங்க, அது இல்லைன்னா நடுவுல ஒருத்தன் புகுந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

அம்பத்தூர், ஐடி ஊழியர்: ஆஃபீஸ்ல ரெண்டு லேப்டாப் நடுவுல அருமையா ஓடுது சார், வீட்டுக்கு வந்து என் மொபைல் டேட்டால இருந்து ஃபிரெண்டோட பிராட்பேண்டுக்கு கனெக்ட் பண்ணா செத்தாலும் சேர மாட்டேங்குது. மூணு வாரமா மண்டை காயுது.

கோடுல தப்பு இருக்காது சார், பாதைல தான் இருக்கும். பி2பி எழுதற எல்லாரும் முட்டிக்கற செவுரு இது.

ஐபிவி4ங்கற பழைய முறை ஐபி அட்ரஸ் உலகத்துக்கே மொத்தம் 430 கோடி தான், அதனால நம்ம ஊர்ல நெறைய நெட் கம்பெனிங்க பல வீட்டை ஒரே பொது அட்ரஸுக்குப் பின்னாடி அடைச்சு வெக்கறாங்க, சிஜிநாட்னு சொல்வாங்க. அபார்ட்மென்டுக்கு ஒரே கேட், வாட்ச்மேனுக்கு எந்த ஃபிளாட்டுக்கு யார் வராங்கன்னு முன்னாடியே சொல்லலைன்னா உள்ள விட மாட்டார்ல, அதே தான். உங்க ஃபிரெண்டு ரவுட்டர் பேஜ்ல போய் வான் ஐபி, அதாவது ரவுட்டருக்கு நெட் கம்பெனி குடுத்த அட்ரஸ், பாக்க சொல்லுங்க, 100.64ல இருந்து 100.127க்குள்ள ஆரம்பிச்சா அவர் சிஜிநாட்டுக்குப் பின்னாடி இருக்கார்னு அர்த்தம், ரவுட்டர்ல போர்ட் ஃபார்வர்ட் பண்ணி, அதாவது ஒரு கதவு நம்பரைத் தொறந்து வெச்சு எல்லாம் பிரயோஜனமே இல்ல.

வழி என்னன்னா ஹோல் பஞ்சிங். ரெண்டு பேரும் ஒரு ஸ்டன் சர்வர்கிட்ட என் வெளி அட்ரஸ் என்ன, போர்ட் என்னன்னு கேட்டு தெரிஞ்சுகிட்டு, அதைப் பரிமாறிகிட்டு, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஒருத்தருக்கு ஒருத்தர் யுடிபி பேக்கெட், அதாவது ஒரு சின்ன டேட்டா பொட்டலம், அனுப்பணும். நீங்க வெளிய அனுப்பினதால உங்க கேட் தொறக்கும், அவர் அனுப்பினதால அவர் கேட் தொறக்கும். ஆனா சில நாட் (NAT, மேல சொன்ன அந்த வாட்ச்மேன்), ஒவ்வொரு ஆளுக்கும் வேற வேற போர்ட் குடுக்கும், சிமெட்ரிக்னு பேரு, ரெண்டு பக்கமும் அது இருந்தா பஞ்ச் வேலை செய்யாது, நடுவுல நின்னு கை மாத்தி விடற ஒரு ரிலே சர்வர் தான் கதி.

இங்க தான் பிரைவசி திரும்ப வருது, கொஞ்சம் கவனிங்க. ரிலே வெச்சா மெசேஜ் படிக்க முடியாட்டியும் யார் யாரோட பேசறாங்கன்னு ரிலேக்குத் தெரியும். ஸ்டன் சர்வருக்கும் யார் எப்போ ஆன்லைன் வராங்கன்னு தெரியும். சர்வரே இல்லைன்னு சொல்லிட்டு ஒரு பெரிய கம்பெனியோட இலவச ஸ்டன் அட்ரஸை கோடுல போட்டு வெச்சிருக்கற ஆப் நெறைய பாத்திருக்கேன், அது மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருக்கும். அந்த சர்வரை மாத்திக்கற வசதியையாவது யூசர் கைல குடுங்க, அது இருக்குன்னு ஆப்லயே எழுதியும் வைங்க.

ஐபிவி6ங்கற, அட்ரஸ் பஞ்சமே இல்லாத புது முறை இருந்தா முதல்ல அதை ட்ரை பண்ண வைங்க, இந்தியாவுல அது நல்லாவே பரவியிருக்கு, மொபைல் டேட்டால பெரும்பாலும் கெடைக்கும். அட்ரஸ் நேரடியா இருக்கும், ஃபயர்வாலைத் தாண்டினா போதும். ஆனா அதுல முன்பாதி உங்க வீட்டைக் காட்டிக் குடுக்கும்ங்கறதையும் மறந்துடாதீங்க. அப்புறம் பேட்டரி. பஞ்ச் பண்ணி தொறந்த ஓட்டை கொஞ்ச நேரத்துல மூடிக்கும்ங்கறதால வயர்கார்ட்ல கூட 25 செகண்டுக்கு ஒரு தடவை ஒரு சின்ன பேக்கெட் அனுப்ப சொல்வாங்க, ஃபோன்ல அதை நாள் பூரா பண்ணா சாயங்காலம் சார்ஜ் இருக்காது, ஆண்ட்ராய்டே உங்க ஆப்பை தூங்க வெச்சிடும். இதுக்கு முழுசா தீர்வு இதுவரைக்கும் யாரும் குடுக்கல. வீட்ல ஒரு பழைய லேப்டாப்பை எப்பவும் ஓட விட்டு அதை உங்க ஃபோனுக்கு தபால் பெட்டி மாதிரி வெச்சுக்கறது தான் நான் பண்றது, ரிச்சி ஸ்ட்ரீட்ல செகண்ட் ஹேண்ட்ல ஒன்னு வாங்கினேன், இன்னிக்கும் ஓடுது.

தாம்பரம், வாசகி: சர்வர் இல்லைன்னா லட்சக்கணக்கான பேர்ல எனக்கு வேண்டியவங்களை எப்படி தேடுவேன்? டிஎச்டின்னு படிச்சேன், பாதி புரிஞ்சுது, அது பாதுகாப்பானதா?

நல்ல இடத்தைப் பிடிச்சீங்க மேடம். 1999ல வந்த நாப்ஸ்டர்ல ஃபைல் எல்லாம் மக்கள்கிட்ட இருந்துச்சு ஆனா யார்கிட்ட என்ன இருக்குங்கற லிஸ்ட் ஒரே இடத்துல இருந்துச்சு, கோர்ட் கேஸ் வந்து 2001ல அந்த இடத்தை நிறுத்தினதும் மொத்தமும் படுத்துடுச்சு. அடுத்து வந்த நூடெல்லால லிஸ்டே கிடையாது, தெரிஞ்சவங்களை எல்லாம் கேளு, அவங்க அவங்களுக்கு தெரிஞ்சவங்களை கேப்பாங்க, கூட்டம் சேரச் சேர தேடற சத்தத்துலயே நெட்வொர்க் திணறுச்சு. 2002ல மேமன்கோவ், மாசியேர்னு ரெண்டு பேர் கடேம்லியா எழுதினாங்க, நீங்க கேட்ட டிஎச்டில ஒரு வகை, அதாவது அந்த லிஸ்டையே எல்லாரும் துண்டு துண்டா பிரிச்சு வெச்சுக்கற முறை. இன்னிக்கு டோரன்ட்ல இருந்து ஐபிஎஃப்எஸ்ங்கற ஃபைல் நெட்வொர்க் வரைக்கும் அது தான்.

பின்கோடு மாதிரி நினைச்சுக்கோங்க. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் 160 பிட்ல ஒரு நம்பர். உங்க தெருவுல இருக்கற எல்லாரையும் உங்களுக்குத் தெரியும், தாம்பரத்துல கொஞ்சம் பேர், மதுரைல ரெண்டு பேர், டெல்லில ஒருத்தர். டெல்லில ஒருத்தரைத் தேடணும்னா அந்த ஒருத்தரைக் கேட்டா அவருக்கு அங்க இன்னும் கொஞ்சம் பேரைத் தெரியும், ஒவ்வொரு கேள்விக்கும் தூரம் பாதியா குறையும். 10 லட்சம் பேர் இருந்தாலும் சுமார் 20 தாவலுக்குள்ள ஆளைப் புடிச்சிடலாம். தூரம்னா இங்க கிலோமீட்டர் இல்ல, ரெண்டு நம்பரையும் எக்ஸார் போட்டா, அதாவது எந்தெந்த பிட் வேறயா இருக்குன்னு பாத்தா, வர்ற விடை, அவ்ளோ தான். எனக்கு இதைப் படிச்சு புரிஞ்ச அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல, அவ்ளோ அழகு.

ஆனா பாதுகாப்பான்னு கேட்டா, அழகு வேற பாதுகாப்பு வேற. நீங்க யாரைத் தேடறீங்கன்னு வழில இருக்கற ஒவ்வொருத்தருக்கும் சொல்லிட்டே போறீங்க. அதை விடப் பெருசு கள்ள ஓட்டுப் பிரச்சனை. ஒரே ஆள் ஆயிரம் நம்பர் போட்டு ஆயிரம் கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கலாம், உங்க நம்பரைச் சுத்தி உக்காந்துகிட்டு உங்களைத் தேடி வர்றவங்களுக்கு எல்லாம் பொய் சொல்லலாம். சிபில் அட்டாக்னு பேரு, 2002லயே ஜான் டௌசர்ங்கறவர் ஆள் அடையாளத்தை சரி பாக்க நடுவுல ஒருத்தர் இல்லாம இதை முழுசா தடுக்க முடியாதுன்னு காட்டிட்டார். செலவை ஏத்தலாம், ஒரே ஐபி ரேஞ்ச்ல இருந்து வர்றவங்களை அளவா சேர்க்கலாம், ஒரே கேள்வியை மூணு வேற பாதைல கேட்டுப் பாக்கலாம், எல்லாம் காயத்துக்கு கட்டு மாதிரி.

எனக்குப் பிடிச்ச பதில் வேற. ஊர்ல தெரியாதவங்க யாரையும் நம்பாம, நேர்ல தெரிஞ்சவங்க கம்ப்யூட்டரோட மட்டும் கனெக்ட் ஆகறது. எடின்பரோ யுனிவர்சிட்டில மாணவரா இருந்த இயன் கிளார்க் யோசனைல பொறந்த ஃப்ரீநெட்ங்கற பி2பி நெட்வொர்க், 2008ல வந்த 0.7 வெர்ஷன்ல இந்த வழியைக் குடுத்துச்சு, இப்போ அதுக்கு ஹைஃபாநெட்னு பேரு. உங்க ஃபிரெண்டுக்கு மட்டும் உங்க அட்ரஸ் தெரியும், அவர் வழியா அவர் ஃபிரெண்டுக்கு போகும். மெதுவா தான் வளரும், ஆரம்பத்துல நாலு பேரைச் சேக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும். இருந்தாலும் தெரியாத ஆயிரம் பேரை விட தெரிஞ்ச நாலு பேர்னு தான் நான் சொல்வேன்.

பெரம்பூர், ஒரு அம்மா: என் பையன் காலேஜ் முடிச்சிட்டு வீட்ல இருந்தே வேலை பாக்கறான், ராத்திரி ஆனா டோர், ஐ2பின்னு எதையோ ஓட விடறான், கேட்டா ப்ரோகிராம் எழுதறேன்மாங்கறான். நெட் கனெக்‌ஷன் அவங்க அப்பா பேர்ல இருக்கு. போலீஸ் எதாவது வந்துடுமோன்னு பயமா இருக்கு தம்பி.

உங்க பயம் புரியுதும்மா. முதல்ல ஒன்னு, இந்த மாதிரி சாஃப்ட்வேர் எழுதறதோ படிக்கறதோ குத்தம் இல்ல. 2017 ஆகஸ்ட் 24ல சுப்ரீம் கோர்ட்ல 9 நீதிபதிங்க ஒரே குரல்ல அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு சொல்லியிருக்காங்க. உங்க பையன் பண்றது அந்த உரிமைக்கு பூட்டு செய்யற வேலை.

ஆனா பையன்கிட்ட ஒரு கேள்வி கேளுங்க, டோர்ல எக்ஸிட் ரிலே ஓட்டறியாப்பான்னு. அது வேணாம்னு சொல்லுங்க. எக்ஸிட்னா யாரோ எங்கயோ இருந்து பண்றது எல்லாம் உங்க வீட்டு அட்ரஸ்ல இருந்து பண்ண மாதிரி வெளில தெரியும், நாளைக்கு விசாரணைன்னா முதல்ல கதவைத் தட்டறது அப்பா பேர் இருக்கற வீட்டை தான். நடுவுல இருக்கற ரிலே, சாதாரண ஐ2பி இதுல அந்தத் தொல்லை ரொம்ப கம்மி, டிராஃபிக் நெட்வொர்க்குக்கு உள்ளயே சுத்தும்.

சட்டம் இந்தப் பக்கம் தூங்கிட்டு இல்லங்கறதும் உங்க பையன் தெரிஞ்சுக்கணும். ஐடி சட்டம் 69வது பிரிவுல, முறைப்படி உத்தரவு வந்து, தன்னால முடிஞ்சும் தகவலைத் தொறந்து குடுக்க மறுத்தா 7 வருஷம் வரைக்கும் ஜெயில்னு இருக்கு. நம்ம சென்னை ஹைகோர்ட்லயே 2019ல ஒரு பெரிய வாதம் நடந்துச்சு, வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜை முதல்ல அனுப்பினது யார்னு கண்டுபிடிக்க முடியுமான்னு. முடியும்னு ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் காமகோடி ஒரு வழி சொன்னார், அது பிரைவசியைக் கெடுக்கும், ஏமாத்தவும் ஈசின்னு ஐஐடி பாம்பே பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் மறுத்து எழுதிக் குடுத்தார். கேஸ் சுப்ரீம் கோர்ட்டுக்கு போச்சு, 2021 ஐடி விதிகள்ல 50 லட்சம் யூசருக்கு மேல இருக்கற மெசேஜிங் கம்பெனிங்களுக்கு அந்த கண்டுபிடிக்கற கடமை வந்துடுச்சு. ரெண்டு பக்கமும் மதிக்கத்தக்க ஆளுங்க தான், நான் மனோஜ் பிரபாகரன் பக்கம். ஒரு தடவை எல்லா மெசேஜ்லயும் அடையாளம் குத்திட்டா அது கெட்டவனை மட்டும் காட்டாதும்மா.

மயிலாப்பூர், ஓய்வு பெற்ற ஆசிரியர்: 2015 வெள்ளத்துல மூணு நாள் எங்க பொண்ணு குரலையே கேக்க முடியல. இந்த பி2பி அன்னிக்கு இருந்திருந்தா உதவியிருக்குமா?

அந்த நாளை எல்லாம் நானும் மறக்கல சார். கோட்டூர்புரத்துல எங்க சித்தி மொட்டை மாடில இருந்தாங்க, டவர் இல்ல, கரன்ட் இல்ல, எதிர் பில்டிங்ல இருக்கற ஃபோனுக்கு ஒரு வார்த்தை அனுப்ப ஊருக்கு வெளில இருக்கற சர்வர் வேணும்னா அது என்ன டிசைன்னு அன்னிக்கு தான் எனக்கு உறைச்சது.

உதவியிருக்கும், ஆனா கொஞ்ச தூரத்துக்கு தான். ப்ரையார்னு ஒரு ஆப், நெட் இருந்தா டோர் வழியா, இல்லைன்னா ப்ளூடூத், வைஃபை வழியா நேரா பேசும், குரூப் மெசேஜ் எல்லாம் தெரிஞ்சவங்க ஃபோன்ல இருந்து ஃபோனுக்கு தொத்திகிட்டே போகும். ஆனா ப்ளூடூத் பத்து மீட்டர் சொச்சம் தான், பொண்ணு வேற ஏரியான்னா எட்டாது. வருத்தம் என்னன்னா 2023 மே மாசம் மத்திய அரசு தடுத்த 14 ஆப்ல ப்ரையாரும் ஒன்னு, காஷ்மீர்ல தீவிரவாதிங்க யூஸ் பண்றாங்கன்னு காரணம். வெள்ளத்துல உதவற அதே குணம் தான் அங்க பயமுறுத்துது, இது ரெண்டையும் எப்படிப் பிரிக்கறதுன்னு எழுதறவங்க எல்லாருமே யோசிக்கணும்.

தூரம் வேணும்னா லோரா ரேடியோ இருக்கு சார், 865ல இருந்து 867 மெகாஹெர்ட்ஸ்ல லைசென்ஸ் இல்லாம ஓட்டலாம், மொட்டை மாடில வெச்சா சில கிலோமீட்டர் வரைக்கும் டெக்ஸ்ட் போகும். மெஷ்டாஸ்டிக்னு அதுக்கான சாஃப்ட்வேர் இலவசம். ஒரு எச்சரிக்கை, அதுல ஆரம்பத்துல வர்ற சேனலோட சாவி உலகத்துக்கே தெரிஞ்சது, மாத்தாம பேசினா மெரினால மைக் வெச்சு பேசற மாதிரி.

திருவான்மியூர், வாசகர்: ஸ்கைப் கூட ஒரு காலத்துல பி2பி தானே?

ஆமா, 2003ல அப்படித் தான் வந்துச்சு, யூசர் கம்ப்யூட்டர்களே சூப்பர்நோடா நின்னு மத்தவங்களை சேர்த்து வெச்சுது. 2011ல மைக்ரோசாஃப்ட் வாங்கி, அடுத்த வருஷமே சூப்பர்நோடை எல்லாம் தன்னோட மெஷினுக்கு மாத்திடுச்சு, 2025 மே மாசம் ஸ்கைப்பையே மூடிட்டாங்க. கோடு மூடி இருந்ததால யாரும் பழையதை எடுத்து ஓட்ட முடியல. சோர்ஸ் திறந்து வைங்கன்னு நான் திரும்பத் திரும்ப சொல்றது இதுக்கு தான்.

போரூர், வாசகர்: பி2பி சாஃப்ட்வேரை எந்த ப்ரோகிராமிங் மொழில எழுதறது, ரஸ்ட், கோ, ஜாவா?

உங்களுக்கு எது நல்லா வருமோ அது. ஐ2பி ஜாவால இருக்கு, அதோட இன்னொரு வடிவம் சி பிளஸ் பிளஸ்ல இருக்கு, க்னூநெட்ங்கற இன்னொரு பி2பி நெட்வொர்க் சி மொழில இருக்கு. புதுசா ஆரம்பிக்கறீங்கன்னா தெரியாத ஆள் அனுப்பற பேக்கெட்டைப் பிரிச்சுப் படிக்கற இடத்துல மெமரி தப்பு வராம இருக்க ரஸ்ட் இல்லைன்னா கோ எடுங்க, ரெண்டுலயும் லிப்பி2பின்னு பி2பி எழுத உதவற லைப்ரரி இருக்கு.

அண்ணா நகர், வாசகி: எங்க ஆப் ரெடி. வெளியிடறதுக்கு முன்னாடி கடைசியா எதை செக் பண்ணணும்?

லாக் ஃபைலை, அதாவது ஆப் தான் என்ன பண்ணுச்சுன்னு தானா எழுதி வெக்கற குறிப்பை, தொறந்து பாருங்க மேடம், வேற எதையும் விட முதல்ல அது.

சொந்த அனுபவம் சொல்றேன். சில வருஷம் முன்னாடி நாங்க ஏழு பேர் எங்களுக்குள்ள ஃபைல் அனுப்பிக்க ஒரு சின்ன பி2பி டூல் எழுதினோம், சாவி, டனல், ஒரே அளவுல பேக்கெட்னு எல்லாம் பாத்து பாத்து பண்ணோம். அப்புறம் என் லேப்டாப் திரை போய், சர்வீஸ் கடைல மூணு நாள் கெடந்துச்சு, பாஸ்வேர்டும் எழுதிக் குடுத்திருந்தேன். திரும்ப வந்தப்புறம் வேற எதுக்கோ தேடும்போது கண்ணுல பட்டுச்சு, டெஸ்ட் பண்ண நான் போட்ட டீபக் லாக் அணைக்காம எட்டு மாசமா ஓடியிருக்கு. யார் எத்தனை மணிக்கு எந்த ஐபில இருந்து வந்தாங்க, யாருக்கு எவ்ளோ பெரிய ஃபைல், எல்லாம் வரிசையா தேதி போட்டு. நெட்வொர்க்ல ஆறு மாசம் கஷ்டப்பட்டு மறைச்சதை நானே டைரி மாதிரி எழுதி கடைல குடுத்திருக்கேன். கடைக்காரர் பாத்தாரா இல்லையான்னு தெரியாது, ஆனா மத்த ஆறு பேருக்கும் ஃபோன் பண்ணி ஒவ்வொருத்தரா சொன்னேன், அந்த ஆறு கால் பேசினது இன்னும் மனசுல இருக்கு.

அதனால வெளியிடற பில்ட்ல லாக் ஆஃப்ல இருக்கா, கிராஷ் ரிப்போர்ட் எங்கயாவது தானா போகுதா, நோட்டிஃபிகேஷன்ல மெசேஜ் வரி தெரியுதா, ஃபோன் பேக்கப்ல சாவி சேர்ந்து போகுதா, இதெல்லாம் பாருங்க. அப்புறம் நெட்ல போற வர்ற பேக்கெட்டைக் காட்டற வயர்ஷார்க்ங்கற சாஃப்ட்வேரை வெச்சுகிட்டு ஒரு மணி நேரம் ஆப்பை சும்மா திறந்து வெச்சு, எந்த எந்த அட்ரஸுக்கு பேக்கெட் போகுதுன்னு ஒவ்வொன்னா எழுதுங்க. இது யாருன்னு உங்களாலயே சொல்ல முடியாத ஒரு அட்ரஸ் அதுல இருந்தா, வெளியீட்டை ஒரு வாரம் தள்ளிப் போடுங்க.